எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு ஹார்மோன் மாத்திரை: மகளுக்காகக் கேட்ட ஓர் அம்மாவுக்கு

கேள்வி இது: "என் மகளுக்கு 23 வயது. பள்ளி ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மாதவிடாய் சமயத்தில் துடித்துப்போவாள். இப்போது ஸ்கேனில் இடது சினைப்பையில் 3.5 செ.மீ. சாக்லேட் சிஸ்ட், எண்டோமெட்ரியோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை நாளும் மெடிக்கலில் மெஃப்தால் ஸ்பாஸ் வாங்கிச் சாப்பிட்டாள், இப்போது அதற்குக் கேட்பதில்லை. டாக்டர் டைனோஜெஸ்ட் என்ற மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிடச் சொல்கிறார். ஹார்மோன் மாத்திரை, வேண்டாம் என்கிறார் அவள் அப்பா. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதைச் சாப்பிட்டால் பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?"

உங்களை அதிகம் பயமுறுத்துவது கடைசி வரி என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். டைனோஜெஸ்ட் சாப்பிட்டதால் குழந்தை பிறக்காமல் போகாது. சாப்பிடும் காலத்தில் பெரும்பாலும் கருமுட்டை வெளிவராது, மாதவிடாயும் நின்றுவிடலாம். நிறுத்திய பிறகு சுமார் இரண்டு மாதத்துக்குள் சுழற்சி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். குழந்தைப்பேற்றைப் பாதிக்கக்கூடியது எண்டோமெட்ரியோசிஸ்தான். மருந்தைப் பார்த்துப் பயந்து நோயை விட்டுவைக்கும்போதுதான் இழப்பு அதிகம். இதை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவமனை மருந்தகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். என் தங்கைக்கும் இந்த நோய் உண்டு. பதினைந்து வயதில் தொடங்கிய வலிக்கு முப்பத்தொன்றாவது வயதில்தான் பெயர் தெரிந்தது. அதற்கு முன்னால் பார்த்த ஒரு மருத்துவமனையில், "எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உங்கள் மகளுக்கு 23-லேயே பெயர் தெரிந்துவிட்டது. என் தங்கையோடு ஒப்பிட்டால் எட்டு ஆண்டுகள் கையில் இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மருந்தின் தர்க்கம் பிடிபடாது. கருப்பையின் உள்பக்கம் மாதாமாதம் ஒரு படலம் தடித்து வளரும். கரு தங்காவிட்டால் அது உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறும். அதே மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையில், அடிவயிற்றின் உள்சவ்வில், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அங்கே வளர்ந்ததும் மாதாமாதம் ஹார்மோனுக்கு ஆடும், கசியும். ஆனால் அந்த ரத்தம் வெளியேற வழி கிடையாது. சுற்றியுள்ள இடம் புண்ணாகி, தழும்பாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சினைப்பைக்குள் அந்தப் பழைய ரத்தம் தேங்கிக் கெட்டியாகிப் பழுப்பு நிறத்தில் நிற்பதுதான் சாக்லேட் சிஸ்ட். ஜான் சாம்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1921-லேயே அந்தப் பெயரால் இதை விவரித்து எழுதியிருக்கிறார். இது அரிய நோயும் இல்லை. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுக்கச் சுமார் 19 கோடிப் பேருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வலி வருவதற்கு இங்கே இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒன்று, ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். அதுதான் கருப்பையை இறுக்கிப் பிழிய வைக்கிறது, நரம்பைக் கூச வைக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்குகூட அதனால் வரும். இரண்டாவது, இந்தத் திசுவை வளர்த்துவிடுகிற ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். வலி மாத்திரை முதலாவதைத் தடுக்கும், இரண்டாவதைத் தொடவே தொடாது. ஹார்மோன் மருந்து இரண்டாவதற்கு. மெஃப்தாலுக்குக் கேட்கவில்லை என்று உங்கள் டாக்டர் அதைவிட வீரியமான வலி மாத்திரை எழுதாமல் வேறு வகை மருந்துக்குப் போனது இதனால்தான்.

சரி, வலி மாத்திரையிலிருந்தே ஆரம்பிப்போம். ஹார்மோன் மருந்து தொடங்கினாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு அது தேவைப்படும். பெரும்பாலானவர்கள் இதைச் சாப்பிடும் முறையே தவறு. வலி உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, சுருண்டு படுத்த பிறகு ஒரு மாத்திரை போடுவார்கள். அதற்குள் உடம்பில் ப்ரோஸ்டாகிளாண்டின் ஏராளமாக உருவாகிவிடும். மெஃப்தாலில் இருக்கும் மெஃபனாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் ஆகிய மூன்றுமே புதிதாக ப்ரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உருவானதை அழிக்காது. ஆகவே மாதவிடாய் வரும் என்று தெரிகிற அன்றே, அல்லது முதல் இழுப்பு தெரிந்தவுடனே தொடங்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று நாள் நேரம் தவறாமல், சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டும். ஒருமுறை போட்டுவிட்டு அடுத்ததற்கு வலி திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது. நேரத்தை மாற்றியதாலேயே "இப்போது கேட்கிறது" என்று என்னிடம் வந்து சொன்ன பெண்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மெஃப்தால் ஸ்பாஸில் மெஃபனாமிக் அமிலம் 250 மி.கி., அதோடு டைசைக்ளோமின் 10 மி.கி. இருக்கும். மாதவிடாய் வலிக்கு மெஃபனாமிக் அமிலத்தின் முதல் வேளை அளவாக வழக்கமாகத் தருவது 500 மி.கி. ஒரு மாத்திரை போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்பவர்கள் பாதி அளவுதான் எடுத்திருக்கிறார்கள். டைசைக்ளோமின் குடல் இழுப்பைத் தளர்த்துவது. அதையே இரட்டிப்பாக்கினால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், மயக்கமாக இருக்கும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு மலச்சிக்கலே தனி வலி. அதனால் நீங்களாக இரண்டு மாத்திரை கொடுத்துவிட வேண்டாம். "மெஃபனாமிக் அமிலம் மட்டும் 500 மி.கி. தரலாமா, அல்லது நாப்ராக்ஸெனுக்கு மாற்றலாமா" என்று டாக்டரிடம் கேளுங்கள். நாப்ராக்ஸென் உடலில் அதிக நேரம் நிற்கும், நாளுக்கு இரண்டு வேளை போதும். வகுப்பில் நின்றபடி பாடம் நடத்தும் பெண்ணுக்கு அது ஒரு வசதி.

2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனாமிக் அமிலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. டிரெஸ் என்ற கடுமையான ஒவ்வாமை அபூர்வமாக வரலாம் என்பதுதான் விஷயம். அந்தச் செய்தி வாட்ஸ்ஆப்பில் சுற்றி, பலர் பயந்துபோய் என்னிடம் கேட்டார்கள். பதறத் தேவையில்லை, ஆனால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். மருந்து தொடங்கி சில வாரங்களுக்குள் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், நெறி கட்டுதல் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இந்த வகை மாத்திரை போட்டால் மூச்சிரைக்கும் ஆஸ்துமா ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்த மருந்துகள் ஆகாது. இவற்றில் இரண்டை ஒரே நேரத்தில் சேர்த்துப் போடுவதும் கூடாது. மெஃபனாமிக்கோடு டைக்ளோஃபெனாக் ஊசியும் போட்டுக்கொண்டு வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாராசிட்டமால் வேறு வகை, அதை மட்டும் இடையில் சேர்க்கலாம், நாளொன்றுக்கு 4 கிராம் தாண்டாமல். ஆனால் அட்டையைப் பாருங்கள், சில மெஃபனாமிக் மாத்திரைகளில் ஏற்கெனவே பாராசிட்டமால் கலந்திருக்கும்.

டிரமடால் மாதிரியான ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரைகளை இந்த நோய்க்கு மாதாமாதம் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. மலச்சிக்கலையும் வாந்தியையும் கூட்டும், பழக்கமாகிவிடும், நாளாக நாளாக வலி நரம்பின் கூச்சத்தையே அதிகமாக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில நாள் என்றால் அது வேறு.

இனி ஹார்மோன். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் ஒரு பயம் வருகிறது. தைராய்டுக்குக் காலையில் வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரையும் ஹார்மோன்தான், சர்க்கரைக்குப் போடுகிற இன்சுலினும் ஹார்மோன்தான். அதையெல்லாம் யாரும் மறைத்துச் சாப்பிடுவதில்லை. கருப்பை சம்பந்தப்பட்டது என்றதும்தான் குரல் தாழ்ந்துவிடுகிறது.

டைனோஜெஸ்ட், புரோஜெஸ்ட்டிரோன் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. தினமும் 2 மி.கி., இடைவெளி இல்லாமல். இதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. உடலில் ஈஸ்ட்ரோஜனை மிதமாகக் குறைக்கும், அந்தத் திசுவை மெலிய வைத்து வளராமல் நிறுத்தும். மாதவிடாயை நிறுத்தும் விலை உயர்ந்த லூப்ரோலைடு ஊசியோடு 24 வாரம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், வலியைக் குறைப்பதில் இது அதற்குச் சமமாக நின்றது. வெப்ப அலை (திடீரென்று உடம்பு சூடேறி வியர்ப்பது), எலும்புத் தேய்வு போன்ற தொல்லைகள் இதில் குறைவு. 3.5 செ.மீ. சிஸ்டும் பலருக்கு ஓரளவு சுருங்கும். முழுவதும் மறைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மருந்து நோயைத் தூங்க வைக்கிறது, வேரோடு பிடுங்குவதில்லை. நிறுத்தினால் சிலருக்கு வலி திரும்பும். ஆறு மாதம் என்று டாக்டர் எழுதியிருந்தாலும் பலர் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள். அப்படி நேர்ந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். நீண்ட கால நோய்க்கு நீண்ட கால மருந்து.

எப்படிச் சாப்பிடுவது என்பதில் நான் கண்டிப்பு. தினமும் ஒரே நேரத்தில். பல் துலக்குகிற நேரம் மாதிரி மறக்க முடியாத ஒரு வேளையோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். சாப்பாட்டோடும் எடுக்கலாம், வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். ஓர் அட்டை தீர்ந்த மறுநாளே அடுத்த அட்டை, மாதவிடாய்க்காக நிறுத்தவே கூடாது. ஒருநாள் மறந்தால், அல்லது மாத்திரை போட்ட மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், நினைவு வந்ததும் ஒன்று போட்டுக்கொண்டு மறுநாள் வழக்கமான நேரத்துக்குத் தொடரலாம்.

முதல் மூன்று மாதத்தில் என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்துவிட்டால் பாதிப் பேர் மருந்தைப் பாதியில் விடமாட்டார்கள். திட்டுத் திட்டாக, பழுப்பாக, எதிர்பாராத நாளில் ரத்தம் படும். இரண்டு வாரம் விடாமல்கூட வரலாம். "இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்துகிற இடம் இதுதான். பெரும்பாலானவர்களுக்கு இது படிப்படியாகக் குறைந்து, பிறகு அபூர்வமாகத் தெரிவதோ முழுக்க நிற்பதோ நடக்கும். பள்ளிக்குப் போகும் பெண், பையில் மெல்லிய நாப்கின் வைத்துக்கொள்ளட்டும். புடவையில் கறை பட்டுவிடுமோ என்ற பதற்றமே மருந்தை வெறுக்க வைத்துவிடும்.

மாதவிடாய் முழுக்க நின்றுவிட்டால் உங்கள் மாமியாரிடமிருந்து அடுத்த கேள்வி வரும்: "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா?" நல்ல கேள்விதான், பதிலும் நேரானது. தங்குவதற்கு ரத்தமே இருக்காது. மருந்து கருப்பையின் உள்படலத்தை வளரவே விடாமல் மெலிதாக வைத்திருக்கிறது. வளராத படலம் உதிர்வதில்லை, உதிராததால் ரத்தமும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு பால் கொடுக்கும் மாதங்களில் வீட்டுக்கு விலக்கு ஆகாமல் இருந்ததே, அப்போது யாரும் கெட்ட ரத்தம் தங்கிவிட்டது என்று பயப்படவில்லையே என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு உடனே புரியும்.

தொந்தரவுகளையும் மறைக்காமல் சொல்கிறேன். தலைவலி, மார்பகங்களில் வலி, முகப்பரு, கொஞ்சம் எடை கூடுதல், முடி உதிர்தல் வரலாம். நான் அதிகம் கவலைப்படுவது மனநிலையைப் பற்றித்தான். சிலருக்குக் காரணமில்லாமல் மனம் இறுகிப்போகும், அழுகை வரும், எதிலும் பிடிப்பிருக்காது. முன்பே மனச்சோர்வு இருந்த பெண் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டிலும் கவனிக்க வேண்டும். அப்படி ஏதாவது தெரிந்தால் "அவளுக்குக் கோபம் அதிகமாகிவிட்டது" என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்தது எலும்பு. இருபதுகளின் பாதிவரை எலும்பு வலுப்பெறுகிற காலம். நீண்ட நாள் சாப்பிடுவதாக இருந்தால் கால்சியம், வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரத்தக்குழாயில் உறைகட்டி இருப்பவர்கள், கல்லீரல் நோய் கடுமையாக இருப்பவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. தொடங்கும் முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார்கள், அந்தக் கேள்வியைக் கேட்டார்களே என்று மகளும் நீங்களும் சங்கடப்பட வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்கள், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமசெபின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை டைனோஜெஸ்டை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும், மாத்திரை சாப்பிட்டும் பலன் இருக்காது. நம் ஊரில் காசநோய் அதிகம், அதனால் நான் கவுண்டரில் இதைக் கேட்காமல் கொடுப்பதில்லை.

டைனோஜெஸ்ட் ஒத்துக்கொள்ளாவிட்டால்? வேறு வழிகள் உண்டு.

நோரெதிஸ்டிரோன் 5 மி.கி. உங்களுக்கே பழக்கமான மாத்திரையாக இருக்கலாம். வீட்டில் கல்யாணம், கோயில் விசேஷம் என்றால் மாதவிடாயைத் தள்ளிப்போட மெடிக்கலில் வாங்கிப் போடுவோமே, அதேதான். ஹார்மோன் வேண்டாம் என்று சொல்கிற குடும்பங்களே கும்பாபிஷேகத்துக்கு முன்னால் இதைக் கேட்டு வருவது எனக்குப் பல முறை வருத்தமாக இருந்திருக்கிறது. பூஜைக்காகப் போடலாம், வலிக்காகப் போடக் கூடாதா? எண்டோமெட்ரியோசிஸுக்கு இதைத் தினமும் 5 மி.கி.-யில் தொடங்கி, தேவைப்பட்டால் 15 மி.கி. வரை மருத்துவர் கூட்டுவார். விலை குறைவு என்பது பெரிய அனுகூலம்.

கூட்டுக் கருத்தடை மாத்திரை இன்னொன்று. இதில் ஈஸ்ட்ரோஜனும், டைனோஜெஸ்ட் வகையான புரோஜெஸ்டினும் சேர்ந்திருக்கும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் இந்த வகைதான்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மி.கி. 28 மாத்திரை அட்டையில் கடைசி ஏழும் இரும்புச்சத்து மாத்திரை. வலிக்காக என்றால் பல மருத்துவர்கள் அந்த ஏழு நாள் இடைவெளியை விட்டுவிட்டு ஹார்மோன் மாத்திரையையே தொடர்ந்து சாப்பிடச் சொல்வார்கள். மாதவிடாயே வராவிட்டால் அந்த நாள் வலியும் வராது என்ற எளிய கணக்கு. கல்யாணமாகாத பெண் "கருத்தடை மாத்திரை" வாங்குகிறாள் என்ற பேச்சுக்குப் பயந்து இதை மறுப்பவர்கள் உண்டு. மருந்தின் பெயர் அதன் ஒரு வேலையை வைத்து வந்தது, அவ்வளவுதான். கண்முன் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்து பிறகு வருகிற ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை கூடாது. காலில் ஒரு பக்கம் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் மெட்ராக்சி புரோஜெஸ்ட்டிரோன் ஊசி, அரசுத் திட்டத்தில் 'அந்தரா' என்ற பெயரில் வருவது, வலியைக் குறைக்கும். ஆனால் உங்கள் மகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது, நிறுத்திய பிறகு கருத்தரிக்கப் பல மாதம் ஆகலாம், எலும்படர்த்தியும் குறையும். மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் மாத்திரைதான் கைக்கு அடக்கம்.

கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தை, மிரெனா என்பார்கள், காப்பர் டி-யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். காப்பர் டி ரத்தப்போக்கையும் வலியையும் கூட்டலாம், இது குறைக்கும். 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் அதில் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கருப்பைக்குள்ளேயே வெளிவரும், ஐந்து ஆண்டு கவலையில்லை. கருப்பைச் சுவரிலேயே நோய் இறங்கியிருக்கும் அடினோமையோசிஸும் சேர்ந்திருந்தால் மிகவும் நல்லது. ஆனால் பெரும்பாலான மாதங்களில் கருமுட்டை வெளிவந்துகொண்டே இருக்கும் என்பதால், சினைப்பையில் சிஸ்ட் இருப்பவர்களுக்கு இது மட்டும் போதுமா என்பதை யோசிக்க வேண்டும்.

லூப்ரோலைடு, கோசெரலின் ஊசிகள் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகிற உத்தரவையே நிறுத்திவிடும். தற்காலிகமாக மெனோபாஸ் வந்த மாதிரி. முதல் ஓரிரு வாரம் வலி கூடித்தான் குறையும், அதை முன்பே சொல்லாமல் போட்டால் பெண் பயந்துபோவாள். வெப்ப அலை, தூக்கமின்மை, எலும்புத் தேய்வு உண்டு. அதனால் தனியாக ஆறு மாதத்துக்கு மேல் தருவதில்லை, கூடவே சிறிதளவு ஹார்மோன் மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள். 23 வயதில் இது முதல் தேர்வு இல்லை. இதே வழியில் வாயால் சாப்பிடும் புது மருந்துகளும் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் எலகோலிக்ஸ் 2018-லும், ரெலுகோலிக்ஸ் கூட்டு மாத்திரை 2022-லும் இந்த வலிக்கு அனுமதி பெற்றன. பழைய டனசோலை யாராவது எழுதிக் கொடுத்தால் மட்டும் இன்னொரு மருத்துவரைக் கேளுங்கள். குரல் தடித்துப்போவது, முகத்தில் முடி வளர்வது அதன் பக்க விளைவுகள். தடித்த குரல் மருந்தை நிறுத்தினாலும் திரும்பாமல் போகலாம்.

எது சிறந்தது என்று கேட்டால், வலியைக் குறைக்கும் அளவில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் அறுவை சிகிச்சை முடிந்த 405 பெண்களிடம் நடத்தி 2024-ல் வெளியான ஆய்வில், நீண்ட நாள் வேலை செய்யும் புரோஜெஸ்டினும் (மேலே சொன்ன ஊசி அல்லது கருப்பைச் சாதனம்) கூட்டு மாத்திரையும் மூன்று ஆண்டு முடிவில் வலியை ஏறக்குறைய ஒரே அளவுக்கே, சுமார் 40 சதவீதம் குறைத்திருந்தன. ஆகவே எந்த மருந்தின் தொந்தரவோடு உங்கள் மகளால் வாழ முடியும், எதை அவளால் நாள் தவறாமல் சாப்பிட முடியும், எது உங்கள் வீட்டு வரவு செலவுக்கு ஒத்துவரும் என்பதை வைத்து முடிவு செய்வதுதான் சரி. ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று மாதம் கழித்து அடுத்ததற்கு மாறலாம். விலை சுமையாக இருந்தால், அதே மூலப்பொருளில் வேறு நிறுவனத்தின் மாத்திரை இருக்கிறதா என்று மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள்.

"லேப்ராஸ்கோப்பி செய்து எடுத்துவிட்டால் ஒரேயடியாகப் போய்விடாதா?" என்று பலர் கேட்பார்கள். சில நேரம் அறுவை சிகிச்சை தேவைதான்: சிஸ்ட் பெரிதாகிக்கொண்டே போனால், சந்தேகத்துக்கு இடமாக இருந்தால், மருந்துக்கு வலி மசியாவிட்டால். ஆனால் சாக்லேட் சிஸ்டை உரித்து எடுக்கும்போது கூடவே நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் போய்விடும். கருமுட்டைக் கையிருப்பு குறையும். எடுத்த பிறகு ஹார்மோன் மருந்து இல்லாமல் விட்டால் திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். பிள்ளை பெறாத இளம்பெண்ணுக்கு 3.5 செ.மீ. சிஸ்டை உடனே கத்தி வைக்காமல் மருந்தோடு தொடங்குகிற உங்கள் டாக்டர் யோசித்துத்தான் செய்கிறார். மனித இனப்பெருக்கம், கருவியலுக்கான ஐரோப்பியச் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், லேப்ராஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்தினால்தான் மருந்து தொடங்கலாம் என்ற பழைய கட்டாயத்தை விட்டுவிட்டது.

மூன்று நான்கு மாதம் முறையாக மருந்து சாப்பிட்டும், மாதவிடாயே நின்றும், வலி மட்டும் தொடர்ந்தால் என்ன செய்வது? இது பலருக்கு நடக்கிறது, அப்போது "நடிக்கிறாள்" என்ற சொல் வீட்டில் வந்துவிடக் கூடாது. பத்து ஆண்டு வலியைச் சுமந்த நரம்புகள் சின்னத் தூண்டலுக்கும் அலறப் பழகிவிடும். இடுப்படித் தசைகள் எப்போதும் இறுகியே இருக்கும். அதற்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் இரவில் தருவார்கள். மனநோய் மாத்திரை என்று கடைக்காரர் சொன்னால் பதற வேண்டாம், அந்தச் சின்ன அளவு நரம்பு வலிக்கு. இடுப்படித் தசைக்கான பிசியோதெரபி தெரிந்தவர் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள், தேடிப் போவது வீணாகாது. வெந்நீர்ப் பை ஒத்தடம் எப்போதும் நல்லது. உளுந்தங்களியும் வெந்தயமும் கொடுங்கள், உடம்புக்குத் தெம்பு. அவை இந்தத் திசுவைக் கரைக்கும் என்று மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இதற்கிடையில் ஒரு பழைய டைரியில் தினமும் மூன்று விஷயம் மட்டும் எழுதச் சொல்லுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, ரத்தம் பட்டதா, எத்தனை வலி மாத்திரை போட்டாள். மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் "பரவாயில்லை" என்று சொல்வதைவிட அந்தப் பக்கங்களைக் காட்டுவது நூறு மடங்கு உதவும். திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் டைரியெல்லாம் வேண்டாம், சிஸ்ட் இருக்கும் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு அடிவயிற்று வலி, மயக்கம், கறுப்பாக மலம் போவது ஆகியவற்றுக்கும் அப்படியே.

கடைசியாகக் கல்யாணம். கர்ப்ப காலத்தில் மாதவிடாய் இல்லாததால் சிலருக்கு வலி அடங்கியிருக்கும், அதைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை வந்தது. பிள்ளை பிறந்து சுழற்சி திரும்பியதும் வலியும் திரும்பலாம். கல்யாணமும் கர்ப்பமும் இந்த நோய்க்கு மருந்து இல்லை, அந்த நோக்கத்தில் கர்ப்பம் தரிக்கச் சொல்லக் கூடாது என்று மேலே சொன்ன வழிகாட்டுதலே தெளிவாகச் சொல்கிறது. உறவின்போது ஆழமாக வலிப்பது இந்த நோயின் ஓர் அறிகுறி. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் அவசரமாக ஒரு வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள் அம்மா. பார்க்கிற இடத்தில் சொல்லலாமா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். என் கருத்து, மாப்பிள்ளையிடம் அவளே பேசிவிடுவது நல்லது. என் தங்கை அப்படித்தான் செய்தாள், இன்று வெந்நீர்ப் பை எடுத்து வருவது அவள் கணவர்தான்.

டைனோஜெஸ்ட் கருமுட்டையைத் தடுத்தாலும் அதைக் கருத்தடை மருந்தாக நம்பக் கூடாது, கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் குழந்தையைத் தள்ளிப்போட விரும்பினால் ஆணுறையும் வேண்டும். குழந்தை வேண்டும் என்று தீர்மானிக்கிற மாதம் மாத்திரையை நிறுத்தலாம். ஹார்மோன் மருந்து கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டுவதில்லை, அதனால் முயற்சிக்கும் காலத்தில் அதைத் தொடர்வதில் பொருளில்லை. அப்போது வலி வந்தால் பாராசிட்டமால் போடலாம். மெஃபனாமிக் வகை மாத்திரைகள் கருமுட்டை வெடிப்பதைத் தள்ளிப்போடக்கூடும், டாக்டரைக் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். மற்றவர்களைப் போல ஓராண்டு காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்தில் கரு தங்காவிட்டால் குழந்தைப்பேறு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், கூடவே இப்போதைய ஸ்கேன் அறிக்கையையும் மகளின் அந்த டைரியையும் எடுத்துப் போங்கள்.